அடிமை ஒழிப்பு: அறத்தின் வெற்றியா, பொருளின் விளைவா?

பிரித்தானியப் பாராளுமன்றம் 1807ஆம் ஆண்டில் அடிமை வாணிகத்தைத் தடை செய்தது. 1833ஆம் ஆண்டில் தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையையே ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. இவ்விரு நிகழ்ச்சிகளும் நடைபெற்றமை பற்றி எவரிடையேயும் ஐயமில்லை. ஆயின், அவை ஏன் நடைபெற்றன என்னும் வினாவுக்கு விடை கூறப் புகுந்த அறிஞர்கள் இரு கட்சியினராய்ப் பிரிந்தனர். அவ்விவாதம் நூலகங்களிலே தொடங்கிப் பின்னர்ச் சட்டமன்றங்களையும் நீதிமன்றங்களையும் நகரத் தெருக்களையும் எட்டியது. அதன் வரலாற்றை ஆராய்வோர், உண்மையில் அங்கு மூன்று வினாக்கள் ஒன்றோடொன்று கலந்து கிடத்தலைக் காண்பர். அடிமைமுறையை ஒழித்த காரணம் யாது? அடிமைமுறையால் விளைந்த செல்வம் எத்துணை? அதன்பொருட்டு இன்று யார் யாருக்குக் கடன்பட்டுள்ளனர்? இவற்றுள் ஒன்றற்குரிய சான்று மற்றொன்றற்குச் சான்றாகாது. இவ்வேறுபாட்டை மறந்தமையாலேயே விவாதம் பல இடங்களில் வெறும் பூசலாய் முடிந்தது.

வாணிகத்தின் அளவும் இயல்பும்

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஆபிரிக்கக் கரையினின்றும் அத்திலாந்திக் கடல் வழியே அமெரிக்கக் கண்டங்களுக்கு ஏற்றப்பட்டோர் தொகை ஏறக்குறைய 1 கோடி 25 இலட்சம் என ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். அவர்களுள் ஏறத்தாழ 1 கோடி 7 இலட்சம் பேரே உயிருடன் கரை சேர்ந்தனர். பிரித்தானியக் கப்பல்கள் மாத்திரம் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்டோரை ஏற்றிச் சென்றன. இலிவர்ப்பூல், பிறிஸ்ரல், இலண்டன் ஆகிய துறைமுகங்களினின்றும் துணியும் இரும்புப் பொருள்களும் துப்பாக்கிகளும் ஆபிரிக்காவுக்குச் சென்றன. அவற்றிற்கு மாற்றாகப் பெற்ற மனிதர் மேற்கிந்தியத் தீவுகளில் விற்கப்பட்டனர். அவர்தம் உழைப்பால் விளைந்த சர்க்கரை இங்கிலாந்துக்கு வந்தது. இதனையே முக்கோண வாணிகம் என்பர்.

இவ்வாணிகத்தில் மனிதர் சரக்காகவே கணிக்கப்பட்டனர் என்பதற்கு ‘சொங்’ என்னும் கப்பலின் வழக்கொன்றே போதிய சான்றாகும். 1781ஆம் ஆண்டில் அக்கப்பலின் மாலுமிகள் 130 பேருக்கு மேற்பட்ட ஆபிரிக்கரை உயிருடன் கடலில் எறிந்தனர். கப்பலின் உடைமையாளர், இழந்த சரக்குக்காகக் காப்புறுதிப் பணம் கோரினர். 1783இல் இலண்டன் நீதிமன்றத்திற்கு வந்த வழக்குக் கொலை வழக்கன்று, காப்புறுதி வழக்கேயாம்.

அறத்தின் வெற்றி என்னும் கொள்கை

1787ஆம் ஆண்டில் அடிமை வாணிகத்தை ஒழிக்கும் பொருட்டு இலண்டனிலே பன்னிருவர் கொண்ட சபை ஒன்று கூடிற்று. அவர்களுள் ஒன்பதின்மர் குவேக்கர் என்னும் சமயப் பிரிவினர். தோமஸ் கிளாக்சன் துறைமுகந்தோறும் சென்று மாலுமிகளின் சாட்சியங்களைத் திரட்டினார். வில்லியம் வில்பர்போஸ் பாராளுமன்றத்திலே குரல் எழுப்பினார். அடிமையாய் இருந்து விடுதலை பெற்ற ஒலோடா எக்கியானோ 1789இல் தன் வரலாற்றைத் தானே எழுதி வெளியிட்டார். 1792இல் மாத்திரம் 519 விண்ணப்பங்கள் பாராளுமன்றத்திற்கு அனுப்பப்பட்டன.

1807ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறிய மறு வருடமே கிளாக்சன் அவ்வியக்கத்தின் வரலாற்றை இரு தொகுதிகளாக வெளியிட்டார். பல சிற்றாறுகள் கூடிப் பேராறு ஆதல்போலப் பல நல்லோரின் முயற்சிகள் கூடி அறம் வென்றது என்பதை அந்நூலில் ஒரு படமாகவே வரைந்து காட்டினார். இக்கருத்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பிரித்தானிய வரலாற்று நூல்களிலே மறுப்பின்றி நிலவிற்று. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் குடியேற்ற நாட்டு வரலாற்றுப் பேராசிரியராய் விளங்கிய றெஜினோல்ட் கூப்லண்ட், சட்டத்தின் நூற்றாண்டு நிறைவாகிய 1933இல் எழுதிய நூலும் இந்நெறியையே பின்பற்றியது. தன் இலாபத்தைத் துறந்து அறத்தைத் தேர்ந்துகொண்ட நாடு என்னும் பெருமை பிரித்தானியாவுக்கு இவ்வாறு வழங்கப்பட்டது. அப்பெருமை, பிற நாடுகளைத் தான் ஆளுவதற்குரிய தகுதியாகவும் எடுத்துக் காட்டப்பட்டது.

எரிக் வில்லியம்ஸின் மறுப்பு

கூப்லண்ட் கற்பித்த அதே ஒக்ஸ்போட்டில், திரினிடாட் தீவிலிருந்து புலமைப் பரிசில் பெற்று வந்த எரிக் வில்லியம்ஸ் என்னும் மாணவர் 1938இல் தம் ஆராய்ச்சியை நிறைவு செய்தார். அவ்வாராய்ச்சி விரிவுபெற்று ‘முதலாளித்துவமும் அடிமைமுறையும்’ என்னும் நூலாக 1944இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அந்நூலுக்குப் பிரித்தானியாவில் ஒரு பதிப்பு வெளிவர 1964 வரை இருபது ஆண்டுகள் சென்றன. அதற்குள் நூலாசிரியர் சுதந்திர திரினிடாட்டின் முதற் பிரதமராகிவிட்டார்.

வில்லியம்ஸின் வாதம் நான்கு படிகளை உடையது. முதலாவது, ஆபிரிக்கரை அடிமைப்படுத்தியது நிறவெறியால் அன்று. மலிவான உழைப்பை நாடிய பொருளாதாரத் தேவையினாலாம். நிறவெறி பின்னர் அதனை நியாயப்படுத்தப் பிறந்த குழந்தை. இரண்டாவது, முக்கோண வாணிகத்தின் இலாபம் பிரித்தானியக் கைத்தொழிற் புரட்சிக்கு மூலதனமாயிற்று. மூன்றாவது, அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிந்துபோன பின்னர் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரைத் தொழில் நலிவுற்றது. நான்காவது, தான் வளர்த்த கைத்தொழில் முதலாளித்துவம் தடையற்ற வாணிகத்தை வேண்டிய காலத்தில், பழைய தோட்ட முதலாளிகளின் தனியுரிமை அதற்கு இடையூறாயிற்று. எனவே 1807இல் வாணிகமும், 1833இல் அடிமைமுறையும், 1846இல் சர்க்கரைத் தீர்வைச் சலுகையும் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. 1846ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர், அடிமைகள் விளைவித்த கியூபா, பிரேசில் நாட்டுச் சர்க்கரையைப் பிரித்தானியர் தாராளமாக வாங்கியுண்டனர் என்பதை வில்லியம்ஸ் சுட்டிக்காட்டினார். அறமே காரணமாயின் அவ்வறம் பதின்மூன்று ஆண்டுகளில் எங்கே போயிற்று என்பது அவர் எழுப்பிய வினாவின் சாரம்.

மறுப்புக்கு மறுப்பு

வில்லியம்ஸின் நூல் வெளிவந்தபின் பழைய கொள்கையை முன்போல் எவரும் கூறுதல் இயலாதாயிற்று. ஆயினும் அவர் கூறியவை எல்லாம் நிலைபெற்றன என்றும் கூறுதற்கில்லை. 1975இல் றோஜர் ஆன்ஸ்ரி, கப்பற் கணக்குகளை ஆராய்ந்து, அடிமை வாணிகத்தின் இலாபம் சராசரி நூற்றுக்குப் பத்தளவினதே என்றும், அதனால் மாத்திரம் ஒரு கைத்தொழிற் புரட்சிக்கு மூலதனம் திரட்டியிருத்தல் இயலாதென்றும் வாதித்தார். 1977இல் அமெரிக்க ஆசிரியர் சீமோர் டிரெஷர், மேற்கிந்தியத் தீவுகள் 1807க்கு முன் நலிவுற்றன என்பதையே மறுத்தார். பிரித்தானியாவின் மொத்த வாணிகத்தில் அத்தீவுகளின் பங்கு அக்காலத்திற் குறையவில்லை. 1797இல் திரினிடாட் போன்ற புதிய நிலங்களும் கைப்பற்றப்பட்டன. இந்நிலையில் இலாபமே வழிகாட்டியிருந்தால் மேலும் அடிமைகளை இறக்குமதி செய்திருத்தல் வேண்டும். அவ்வாறன்றி வாணிகத்தை நிறுத்தியது தன் பொருளாதாரத்தைத் தானே கொன்ற செயல் என்பது டிரெஷரின் முடிபு. தடைச் சட்டத்தை நடைமுறைப்படுத்த ஆபிரிக்கக் கரையிற் காவல் புரிந்த பிரித்தானியக் கடற்படை, பிற்பட்ட அரை நூற்றாண்டில் ஏறக்குறைய 150,000 பேரை அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்டது என்பதையும் இக்கட்சியினர் எடுத்துக்காட்டுவர்.

ஆயின், இலாபக் கணக்கு அத்துடன் முடியவில்லை. கப்பற்காரரின் இலாபத்தை மாத்திரம் அளத்தல் போதாது. சர்க்கரை, பருத்தி, காப்புறுதி, வங்கிக் கடன், கப்பற்கட்டு, ஏற்றுமதிச் சந்தை அனைத்தையும் சேர்த்தே நோக்கல் வேண்டும் என 2002இல் ஜோசப் இனிக்கோரியும், 2023இல் மக்சின் பேர்க், பற் ஹட்சன் ஆகிய இருவரும் தத்தம் நூல்களில் எழுதினர். இவ்வாறு, செல்வம் பற்றிய இரண்டாம் வினாவில் வில்லியம்ஸின் கை ஓங்கவும், காரணம் பற்றிய முதலாம் வினாவில் அவர் கை தாழவும் நேர்ந்தது.

மூவகைக் காரணம்

தருக்க நூலார் ஒரு குடத்திற்குக் காரணம் மூன்று என்பர். மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். சக்கரம் சுழன்றதால் குடம் பிறந்தது என்பவரும், குயவன் நினைத்ததால் குடம் பிறந்தது என்பவரும் ஒவ்வொரு பாதியையே கூறுகின்றனர். அடிமை ஒழிப்பிலும் பொருளாதார மாறுதல் சக்கரமாயிற்று. தோட்ட முதலாளிகளின் செல்வாக்குக் குறைந்ததும், 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்பின் புதிய உறுப்பினர் பாராளுமன்றம் புகுந்ததும் அச்சக்கரத்தைச் சுழற்றின. ஆயின், சுழலும் சக்கரத்தின்மேற் கைவைத்து உருவம் அமைத்தவர் யாவர்?

இவ்விடத்தில் இரு கட்சியினரும் நெடுங்காலம் போதியவாறு கருதாத ஒரு கூட்டத்தார் உளர். அவர் அடிமைகளே. வில்லியம்ஸ் தம் நூலின் இறுதிப் பகுதியில் அவர்களுக்கு ஓர் இயல் ஒதுக்கினார் எனினும், விவாதம் பெரும்பாலும் இலண்டனைச் சுற்றியே நிகழ்ந்தது. திரினிடாட்டைச் சேர்ந்த சி. எல். ஆர். ஜேம்ஸ் 1938இலேயே ஹெயிற்றிப் புரட்சியின் வரலாற்றை விரிவாக எழுதியிருந்தார். பிரெஞ்சுக் குடியேற்றமாகிய அந்நாட்டில் 1791இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்து 1804இல் சுதந்திர நாட்டை நிறுவினர். 1823இல் டெமராறாவில் ஆயிரக்கணக்கானோர் கிளர்ந்தனர். 1831ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் யமேக்காவில் சாமுவேல் சாப் என்பவரின் தலைமையிற் பெருங்கிளர்ச்சி மூண்டது. அது அடக்கப்பட்டபின் முந்நூறுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். சாப்பும் 1832 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். அடுத்த ஆண்டிலேயே ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது தற்செயலன்று. மேலிருந்து விடுதலை வழங்காவிடின் கீழிருந்து அது எடுத்துக்கொள்ளப்படும் என்னும் அச்சம் பாராளுமன்றத்திற்கு இருந்தது. விடுதலை கொடுக்கப்பட்டது என்று மாத்திரம் கூறும் வரலாறு, அதனைக் கேட்டு உயிர் துறந்தோரை மறந்த வரலாறாகும்.

இரண்டு கோடி பவுண்

மூன்றாம் வினாவாகிய கடனை நோக்குமிடத்து, 1833ஆம் ஆண்டுச் சட்டத்தின் பணப் பகுதியே முதலிற் கருதற்பாலது. ஏறக்குறைய எட்டு இலட்சம் அடிமைகளின் விடுதலைக்கு நட்டஈடாக அரசாங்கம் 2 கோடி பவுண் ஒதுக்கிற்று. அஃது அக்காலத்து அரசின் ஓராண்டுச் செலவில் நூற்றுக்கு நாற்பது பங்களவினதாகும். அத்தொகை முழுவதும் உடைமையாளருக்கே சென்றது. அடிமைகளுக்கு ஒரு காசும் வழங்கப்படவில்லை. வழங்காமை மாத்திரமன்று, பயிற்சித் தொழிலாளர் என்னும் பெயரால் அவர்கள் முன்னைய எசமானருக்கே வாரத்திற் பெரும்பகுதி ஊதியமின்றி உழைத்தல் வேண்டுமென விதிக்கப்பட்டது. அவ்வேற்பாடு 1838 ஆகஸ்ட் முதலாந் திகதியே முடிவுற்றது.

நட்டஈட்டுக்காகப் பெற்ற கடன் பின்னர் வேறு அரசாங்கக் கடன்களுடன் சேர்க்கப்பட்டு 2015ஆம் ஆண்டிலேயே முற்றாகத் தீர்க்கப்பட்டது. நட்டஈடு கோரியோரின் ஏறக்குறைய 46,000 கோரிக்கைகளை இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆராய்ச்சியாளர் 2013இல் எவரும் பார்வையிடத்தக்கவாறு வெளியிட்டனர். அவர்களுட் பெருந்தோட்ட முதலாளிகளுடன் குருமாரும் விதவைகளும் காணப்பட்டனர். பிற்காலத்துப் பிரதமர் கிளாட்ஸ்ரனின் தந்தை ஜோன் கிளாட்ஸ்ரன் 2,508 அடிமைகளுக்காக 106,769 பவுண் பெற்றார். 1823ஆம் ஆண்டுக் கிளர்ச்சி தொடங்கிய தோட்டங்களுள் ஒன்று அவருடையதே. அடிமைகள் விலகியபின் 1838இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கயானாவுக்கு வரவழைத்தவரும் அவரே. அவ்வொப்பந்த முறையே பின்னர்த் தமிழ்நாட்டு மக்கள் பலரையும் சென்னைத் துறைமுகத்தினின்றும் மொரிசியசுக்கும் நேற்றாலுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் கொண்டுசென்றது. கிளாட்ஸ்ரனின் வழித்தோன்றல்கள் சிலர் 2023 ஆகஸ்டிற் கயானாவுக்குச் சென்று மன்னிப்புக் கோரினர்.

கரிபிய நாடுகள் கூடி 2013இல் ஈடுசெய் ஆணைக்குழு ஒன்றை நிறுவின. 2014இற் பத்து அம்சத் திட்டம் ஒன்றை ஏற்றுக்கொண்டன. இதனை மறுப்போர், குற்றம் புரிந்தோரும் துன்புற்றோரும் இன்று உயிருடன் இல்லை என்பர். ஆபிரிக்க அரசர் சிலரும் மனிதரை விற்றனர் என்பர். தந்தையின் பாவத்திற்கு மகனைத் தண்டித்தல் முறையோ என்பர். இவை எளிதில் ஒதுக்கத்தக்க வாதங்கள் அல்ல. மறுமொழி கூறுவோர், குற்றத்தையும் கடனையும் வேறுபடுத்துவர். குற்றம் புரிந்தவனோடு முடியலாம். கடனோ சொத்தைப் பின்தொடரும். அரசு என்பது தலைமுறை கடந்து தொடரும் ஒரு நிறுவனம். உடைமையாளருக்குக் கொடுத்த பணத்திற்கான கடனை 2015 வரை சுமந்த அரசு, அடிமைகளுக்குக் கொடாத பணம் பற்றிக் காலம் கடந்துவிட்டது எனக் கூறுதல் பொருந்துமா என வினாவுவர். கிளாஸ்கோப் பல்கலைக்கழகம், தான் அடிமைமுறையால் அடைந்த நன்கொடைகளை ஆராய்ந்து 2018இல் அறிக்கை வெளியிட்டு, 2019இல் மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்துடன் கூட்டாய்வுக்காக 2 கோடி பவுண் திரட்ட உடன்பட்டது. நட்டஈட்டுத் தொகையும் இதுவும் எண்ணளவில் ஒன்றாயிருத்தல் கவனிக்கத்தக்கது.

சிலையும் பலகையும்

எட்வேட் கொல்ஸ்ரன் என்பவர் 1721இல் இறந்த பிறிஸ்ரல் வணிகர். பாடசாலைகளுக்கும் தருமசாலைகளுக்கும் பெரும்பொருள் வழங்கியவர். அடிமை வாணிகத்தில் ஈடுபட்ட அரச ஆபிரிக்கக் கம்பெனியின் உயர் பதவியினரும் அவரே. 1895இல் அந்நகரத்தார் அவருக்குச் சிலை எடுத்தபோது கொடையை மாத்திரம் பொறித்தனர். நூறாண்டுக்குப் பின்னர், மற்ற உண்மையையும் ஒரு பலகையிற் பொறிக்கவேண்டுமெனச் சிலர் கேட்டனர். அதன் வாசகம் பற்றிய பிணக்கால் அப்பலகை 2019 வரை நாட்டப்படவேயில்லை. 2020 யூன் 7ஆந் திகதி மக்கள் கூட்டமொன்று சிலையைக் கயிறிட்டு வீழ்த்தித் துறைமுக நீரிலே தள்ளிற்று. சிலையை வீழ்த்தியது வரலாற்றை அழித்தல் என ஒரு சாராரும், வரலாற்றை நிறைவாக்கல் என மற்றொரு சாராரும் வாதிட்டனர். வழக்குத் தொடரப்பட்ட நால்வரை 2022 சனவரியில் யூரிமார் விடுதலை செய்தனர். நேரிய சொற்கள் கொண்ட ஒரு பலகை உரிய காலத்தில் நாட்டப்பட்டிருப்பின் கயிற்றுக்கு வேலை இருந்திராது எனக் கருத இடமுண்டு.

சட்டத்தின் விதிவிலக்கும் இலங்கையும்

1833ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போற்றுவோர் பெரும்பாலும் கூறாது விடும் பிரிவு ஒன்று அதன்கண் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குட்பட்ட நாடுகள், இலங்கைத் தீவு, சென் ஹெலினாத் தீவு ஆகிய மூன்றும் அச்சட்டத்திலிருந்து விலக்கப்பட்டன. அடிமைமுறை இந்நாட்டிலும் இருந்தது என்பதற்கு அவ்விலக்கே சான்று. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய விதிகள் இடம்பெறுகின்றன. பிரித்தானியர் 1806இலும் 1818இலும் யாழ்ப்பாணத்து அடிமைகளைப் பதிவு செய்யச் சட்டமியற்றினர். 1816இற் பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்ரனின் தூண்டுதலால், உடைமையாளர் பலர், ஆகஸ்ட் 12ஆந் திகதிக்குப்பின் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகளை விடுவிக்க இசைந்தனர். 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே இலங்கையில் அடிமைமுறையை முற்றாக ஒழித்தது.

அச்சட்டமும் விடுதலை பெற்றோருக்கு நிலம் எதனையும் வழங்கவில்லை. சட்டத்தில் அடிமை என்னும் சொல் மறைந்தது. கிணற்றடியிலும் கோயில் வாயிலிலும் வகுப்பறையிலும் தடை மறையவில்லை. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் நிறைவேற 113 ஆண்டுகள் சென்றன. அதன்பின்னும் 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்து அடிமைமுறை சாதியமைப்பின் வழிப்பட்டது. மேற்கிந்தியத் தோட்ட அடிமைமுறையோடு அளவாலும் இயல்பாலும் வேறுபட்டது. அவ்வேறுபாட்டைக் கூறுதல் ஆராய்ச்சியாளன் கடமை. அதனை ஒரு திரையாக்கி மறைத்தல் ஆராய்ச்சியாகாது. பிறிஸ்ரல் நகரத்துப் பலகையிற் சொற்கள் விடுபட்டமையை எளிதிற் காணும் கண், தன் ஊர்ச் சரித்திர நூல்களில் விடுபட்ட பக்கங்களையும் காணுதல் வேண்டும்.

முடிபு

அடிமை ஒழிப்பில் அறமும் பொருளும் போராட்டமும் கூடிச் செயற்பட்டன என்பதே எழுபது ஆண்டுக்கு மேற்பட்ட விவாதத்தால் தெளிந்த உண்மை. எது எத்துணைப் பங்கு என்பதிற் கருத்து வேற்றுமை நீடிப்பது இயல்பே. ஆயின், கூப்லண்டின் மாணவர் தலைமுறைக்கு உறுதியாய்த் தோன்றிய விடையை வினாவாக மாற்றியது கப்பற் கணக்கையும் தீர்வைப் புத்தகத்தையும் திறந்து பார்த்த ஓர் இளைஞரின் துணிவே. அவர் முடிபுகளிற் சிலவற்றைத் திருத்தியதும் அவ்வாறே ஏடுகளைத் திறந்தோரின் உழைப்பே. இன்று வரலாறு கற்கும் மாணவனுக்கு இவ்விவாதம் விட்டுச் செல்லும் பணியும் அதுவே. விடுதலை எந்நாளிற் சட்டமாயிற்று என்பதுடன் நில்லாது, அந்நாளில் யார் பணம் பெற்றனர், யார் வெறுங்கையுடன் வீடு திரும்பினர் என்பதையும் ஏடுகளில் தேடுதல் வேண்டும். இலங்கையில் அத்தேட்டத்துக்குரிய ஏடுகள் பல இன்னும் விரித்துப் படிப்பாரின்றியே உள்ளன.